சுருதி சேர்த்துக் கேட்பது: புதுச்சேரி நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 2, ஞாயிறு

இந்த வாரம் ஓடுவது திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நாயனத்தில் தோடி. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் கிடைக்கும். சாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக விரியும் ராகத்தை அந்த 3 நிமிடத்துக்குள் எப்படி அடைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். சுற்றி வளைக்கவே இல்லை, முதல் மூச்சிலேயே தோடி நின்றுவிடுகிறது.

ஒரு ஆல்பத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன், அது சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் எந்த இசையைப் பேசினாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த சுரக்கட்டை அளவு) ஏறிவிடும். 1 சதவீதம் பிசகினால் அரைக்கட்டையில் ஆறில் ஒரு பங்கு. தட்டு தனியாக ஓடும்போது அது தெரியாது. பக்கத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டால் உடனே உறுத்தும்.

78 தட்டில் இது இன்னும் சிக்கல். லேபிளில் 78 என்று இருந்தாலும், பழைய பதிவுகள் எல்லாம் அந்த வேகத்தில்தான் வெட்டப்பட்டன என்று நம்ப முடியாது. நாயனத்தில் உயர்ந்த சுருதிக்குத் திமிரி, தாழ்ந்த சுருதிக்குப் பாரி. திமிரியிலிருந்து பாரிக்கு வழக்கம் நகர்ந்ததே இவர் காலத்தில்தான். அதனால் இவர் தட்டுகள் எல்லாவற்றையும் 2 கட்டைக்கு இழுத்து நிறுத்துவது தவறு. ஒரே தட்டின் இரண்டு பக்கத்திலும் ஆதார ஷட்ஜத்தை அளந்து ஒப்பிடுங்கள். பிறகு கமகத்தைக் கேளுங்கள். தோடியின் காந்தார அசைவு படபடவென்று நடுங்கினால் வேகம் கூடுதல், குழைந்து தொங்கினால் குறைவு.

முள்ளும் மாற வேண்டும். எல்பி (33⅓ வேக வினைல் தட்டு) முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான், 78-க்கு 65 முதல் 75 வரை வேண்டும். எல்பி முள்ளை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உருண்டுகொண்டு இரைச்சலைத்தான் வாசிக்கும். முள் தட்டை அழுத்தும் எடையும் கூடுதலாக வேண்டும். எத்தனை கிராம் என்பதை முள் செய்தவர் தாளில் பார்த்து வையுங்கள். அரிய தட்டைப் பழைய சாவி கிராமபோனில் இரும்பு ஊசியால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்குகிறவர்கள் தட்டை உறையிலிருந்து உருவி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல் முள்ளைத் துள்ள வைக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடிவிடும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடு விழுந்திருந்தால் தட்டு மிகவும் உழைத்தது என்று அர்த்தம்.

நவம்பர் 4, செவ்வாய்

வேகம் பார்க்கும் முறை. ஸ்ட்ரோப் அட்டை என்ற கோடு போட்ட வட்டத்தை அச்செடுத்துத் தட்டின் மேல் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தரம் மின்னும். அதற்கு 33⅓ வேகத்துக்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. இணையத்தில் கிடைக்கும் பல அட்டைகள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானவை, எண்ணிப் பார்த்து எடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. தட்டு சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு.

நல்ல எல்இடி பல்பு மின்னாது, அதனால் அதன் கீழே கோடு தெரியாது. பழைய சுவிட்ச் போர்டில் சிவப்பாக எரியுமே, அந்த நியான் இண்டிகேட்டர் போதும். அறையை இருட்டாக்கி, அந்த வெளிச்சம் படும்படி பிளேயரைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பிளேயர் வாங்கும்போது பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 60 ஹெர்ட்ஸ் சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றியே சுற்றுவது) என்று இருந்தால், வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வேகம் சரியாகாது. 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றும். 5 கட்டையில் பாடியவர் குரல் 3 கட்டையில் வரும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்றினால்தான் தீரும். மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மலிவான இன்வெர்ட்டரில் ஹெர்ட்ஸ் நிலையாக இருக்காது, ஸ்பீக்கரில் உறுமலும் சேர்ந்துகொள்ளும். டிசி மோட்டார் பிளேயருக்கு ஹெர்ட்ஸ் தொல்லை கிடையாது.

நவம்பர் 7, வெள்ளி

மைல்ஸ் டேவிஸ், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. ஜாஸ் பக்கம் வராதவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியம் இல்லை. கோர்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) நொடிக்கு நொடி மாறாமல், ஒரு ஸ்வர வரிசையிலேயே வெகுநேரம் நின்று விரிக்கிறார்கள். முதல் உருப்படியில் அடிப்படை டோரியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை, நம் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். 16 தாளவட்டம் ஒரு ஆதாரத்தில், 8 வட்டம் அரைக்கட்டை மேலே, மறுபடி 8 வட்டம் பழைய இடத்தில். பால் சேம்பர்ஸின் பேஸைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் அந்த ஏற்றம் எங்கே வருகிறது என்று இரண்டாம் தடவையே பிடிபடும்.

வேகக் கதையும் இதில் உண்டு. மார்ச் 2, 1959 அமர்வில் முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது இசை வேகமாகவும் சுருதி கூடியும் வந்தது. அப்படியே தட்டாக அச்சாகி, முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பல ஆண்டுகள் அந்தப் பிசகோடு விற்றன. 1992 மறுபதிப்பில், அதே அமர்வில் பக்கத்தில் ஓடிய காப்பு டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். ஏப்ரல் 22 அமர்வில் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கீபோர்டோ கிட்டாரோ வைத்துக்கொண்டு கூடவே வாசிக்க நினைப்பவர்கள் 1992-க்குப் பிந்திய பதிப்பை எடுங்கள். பழைய அச்சு கையில் இருந்தால் பிட்ச் ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

நவம்பர் 12, புதன்

ஆலிஸ் கோல்ட்ரேன், ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. தலைப்பில் இருப்பவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914-ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969-ல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. தம்புரா மீட்டலின் மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சொற்கட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, ஹார்ப் அலையாக வந்து கவிகிறது. அதற்கு மேல் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸ். கடைசி உருப்படி மட்டும் நியூயார்க்கில் மேடையில் பதிவானது. அதில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் சேர்கிறது, ஒலியின் நிறமே வேறாகிவிடும். தம்புராவை அழகுக்காகத் தூவிய எத்தனையோ மேல்நாட்டுத் தட்டுகள் உண்டு. இதில் மற்ற வாத்தியங்கள் அதன்மேல் நின்றுதான் பேசுகின்றன. அதனால்தான் இந்தத் தட்டை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்புரா ஓடும் தட்டு, நடுத்துளை சரியாக மையத்தில் இருக்கிறதா என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். துளை தள்ளியிருந்தால் 1.8 நொடிக்கு ஒருமுறை (33⅓-ல் ஒரு சுற்று) சுருதி ஏறி இறங்கும். முள்ளைத் தாங்கும் டோன் ஆர்மைப் பக்கவாட்டில் பாருங்கள், முள் இடமும் வலமும் ஊசலாடும். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே, தட்டின் உட்பகுதியில், மையத்திலிருந்து 6 சென்டிமீட்டரில், வேகம் 0.8 சதவீதம் கூடிக் குறையும். வெளிவிளிம்பில் அதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் முதல் பாட்டு நன்றாக இருந்து கடைசிப் பாட்டு தள்ளாடும்.

மாற்றிக் கொடுக்கும் கடையாக இருந்தால் மாற்றிக்கொள்வதே நல்லது. இல்லையென்றால் சிறிய உருளை அரத்தால் துளையை ஒரு பக்கம் கொஞ்சமாகத் தேய்த்து, தட்டை நகர்த்தி நகர்த்தி ஆர்ம் அசைவு நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். தேய்க்கும்போது லேபிளைச் சுற்றித் துணி போர்த்துங்கள். தூள் பள்ளத்தில் விழுந்தால் அதுவே புது இரைச்சல்.

நவம்பர் 14, வெள்ளி

மழை ஈரம். தட்டு, கேசட் இரண்டிலும் வெள்ளைப் பூசணம் வரும் மாதம் இது. தட்டுகளை நிற்க வையுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நீலம் இளஞ்சிவப்பானால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி.

கழுவும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட்டோ ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ பட்டால் அரக்கு கரைந்து பள்ளமே போய்விடும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் துலக்கும் திரவம் 2, 3 சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளம் போகும் திசையிலேயே தேய்ப்பு, அவ்வளவுதான். ஊறவைக்கக் கூடாது, லேபிள் நனையக் கூடாது. வினைல் எல்பிக்கு அந்த நீரில் ஐந்தில் ஒரு பங்கு ஐசோப்ரொபைல் சேர்க்கலாம், பூசணத்துக்கு அது வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்தால் முள் அதைத்தான் படிக்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், குருசுக்குப்பமானாலும் கடலூர் தேவனாம்பட்டினமானாலும், ஹெட்ஷெல் (முள் மாட்டும் தலை) பின்களையும் ஆர்சிஏ (ஒலிக் கம்பி) முனைகளையும் மாதம் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று ஊமையானால் பெரும்பாலும் அங்கே பச்சை பூத்திருக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

இளையராஜா, ‘ஹௌ டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம். கேசட்டில் கேட்கிறோம். வி. எஸ். நரசிம்மனின் வயலினைத் தனியாகத் தொடர்ந்து ஒருமுறை, கீழே ஓடும் செல்லோ வரியை மட்டும் தொடர்ந்து ஒருமுறை என்று இரண்டு தரம் கேளுங்கள். மேலே ஒரு வரி, கீழே அதற்கு விடை சொல்லும் இன்னொரு வரி என்ற பாக்கின் கட்டுமானம் அப்போதுதான் காதுக்குத் தெளியும்.

பழைய டெக்கில் இது மந்தமாகக் கேட்டால் டெக்கைத் திட்டுமுன் கேசட்டைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சின்னப் பித்தளை வில்லின் மேல் ஒட்டிய ஃபெல்ட் துண்டு இருக்க வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். நம் ஊர் ஈரத்தில் பசை விட்டு அது கழன்றுவிடும். உடனே மேல் ஸ்தாயி காணாமல் போகும். 5 திருகுகள் உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, சுருளை அப்படியே அந்தக் கூட்டுக்கு மாற்றுங்கள். டேப் உருளைகளின் வெளிப்பக்கமாகப் போக வேண்டும், சறுக்குத் தாள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

ஃபெல்ட் நன்றாக இருந்தும் மந்தம் என்றால் அசிமத் (டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம்) பிசகியிருக்கும். ஹெட்டின் ஓரத்தில், ஸ்பிரிங் மாட்டிய திருகை ஓடும்போதே மிக மெல்லத் திருப்பி, மோனோவில் வைத்து, சத்தம் மிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

வேகம் சேர்க்க 3150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப்பைப் போட்டு போனில் டியூனர் ஆப்பில் பாருங்கள். 3181 காட்டினால் 1 சதவீதம் வேகம் கூடுதல். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்த பெல்ட் வேகத்தைக் குறைப்பதோடு தள்ளாடவும் செய்யும். அதை மாற்றாமல் மோட்டாரின் பின்துளைக்குள் இருக்கும் டிரிம்மரைத் திருகினால் இன்று சரியாகும், அடுத்த வாரம் மறுபடி போய்விடும். டெஸ்ட் டேப் இல்லாதவர்களுக்கு இந்த ஆல்பமே உதவும். மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலின் கூட்டம் என்பதால், ஸ்வரங்கள் 440 ஹெர்ட்ஸ் கணக்கை ஒட்டி விழ வேண்டும்.

நவம்பர் 19, புதன்

ஸ்டீவ் ரைக், ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’. 1976-ல் மேடையேறி 1978-ல் தட்டானது. ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவு. 11 கோர்டுகள், அவற்றின் மேல் ஓயாத துடிப்பு. கிளாரினெட்டும் குரலும் ஒரு மூச்சு தாங்கும் வரைதான் ஒலிக்கும். அடுத்த பகுதிக்குப் போகலாம் என்று சைகை கொடுப்பது வைப்ரஃபோன். கை அசைப்பவர் கிடையாது.

இதை எல்பியில் வாங்காதீர்கள். நடுவில் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினாலே பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். சிடி போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

விஸ்வ மோகன் பட், ரை கூடர், ‘எ மீட்டிங் பை த ரிவர்’, 1993. இரண்டு பேருமே நரம்பின் மேல் சறுக்கி வாசிப்பவர்கள். பட்டின் மோகன வீணையில் 20 நரம்பு: 3 வாசிக்க, 5 சுருதிக்கு, தொடாமலே கூட அதிரும் அனுதாப நரம்பு 12. அவர் நிறுத்திய பிறகும் அந்த 12 ஒலித்துக்கொண்டிருப்பதைக் கேட்க முடிகிறதா என்பதே உங்கள் அறைக்கு நல்ல பரீட்சை. மொத்தம் நான்கே உருப்படி, கடைசியில் வருவது ஃபிஜித் தீவின் விடைபெறும் பாட்டு. கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் 1992-ல், இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் பதிவு செய்தது. இரண்டு பக்கமும் கேட்கும் எட்டு வடிவ மைக் இரண்டை 90 டிகிரியில் குறுக்காக வைப்பது அவர் வழி. வாத்தியத்தோடு அந்தக் கூடத்தின் எதிரொலியும் டேப்பில் ஏறியிருக்கிறது.

ஆகவே நம் அறை எதிரொலியை இதன்மேல் கொட்டக் கூடாது. உயர்ந்த கூரையும் மொசைக் தரையும் உள்ள இங்கத்து வீடுகளில் கைதட்டினால் கணகணவென்று திரும்பி வரும். ஸ்பீக்கர்களுக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து 2 அடி முன்னால் இழுத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரமும் உங்களுக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும்படி உட்காருங்கள்.

டேப்பையோ தட்டையோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். வேகத் திருத்தத்துக்கு: இருக்க வேண்டிய ஹெர்ட்ஸை இருக்கும் ஹெர்ட்ஸால் வகுத்து, 1-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்குங்கள். 2 கட்டை ஷட்ஜம் 293.7 இருக்க வேண்டிய இடத்தில் 297.3 இருந்தால், −1.2 சதவீதம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கருவியில் அந்த எண்ணைப் போடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவியில் போட்டால் காலப்பிரமாணம் பழைய பிசகிலேயே நிற்கும், கமகத்தின் விளிம்பும் மங்கிவிடும். திருத்தாத மூலப் பதிவை அழிக்காமல் தனியாக வையுங்கள், எந்த எண் போட்டீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.