எடை எழுதும் நோட்டு

இன்று காலை கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் எடை பார்க்கிற நாள். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் கழற்றிவிட்டுத்தான் என் மகளைத் தராசில் நிறுத்தினார் டீச்சர். 13 கிலோ 200. நோட்டில் எழுதிவிட்டு, அங்கன்வாடி விவரங்களைப் பதிகிற ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற சிக்னல் தேடி மேட்டுக்குப் போனார். பனிமூட்டம் வேறு.

2021-லிருந்து வருகை, எடை, உயரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். சரி, மக்கள் பணம், கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு மேலேதான் போகிறது, எங்கள் கண்ணில் படுவதே இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சமூகத் தணிக்கையை, அதாவது திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மக்களே சேர்ந்து பார்ப்பதைப் பற்றியதுதான். இந்த வாரம் 3 முட்டையும் வந்ததா, எத்தனை பிள்ளைகளுக்கு எடை குறைவு என்று மாதம் ஒரு தாள் வாசலில் ஒட்டுங்கள். கொழுந்து பறிக்கப் போகிற வழியில் நின்று படித்துக்கொள்கிறோம்.