இன்ஜினியரிங் டிரான்ஸ்பர்: காலேஜின் பெயரை விடுங்கள், அட்டவணையைப் பாருங்கள்

கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துவிட்டு, மீதிப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் டிரான்ஸ்பர். கலிஃபோர்னியாவில் இந்தக் காலேஜ்கள் நூற்றுக்கும் மேல். மாநிலவாசிகளுக்குக் கட்டணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பாடத்தின் அளவைக் குறிக்கும் செமஸ்டர் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். அதனால் காசை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பக்கம் என்று சேர்ந்துவிடுவதுதான் வழக்கம். இன்ஜினியரிங்குக்கு அது சரிப்படாது.

போகப்போகிற பல்கலைக்கழகத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 'அசிஸ்ட்' தளத்தில் காலேஜ், பல்கலை, மேஜர் (முதன்மைப் படிப்பு) மூன்றையும் கொடுத்தால், பல்கலையின் எந்தப் பாடத்துக்குக் காலேஜின் எந்தப் பாடம் ஈடு என்ற பட்டியல் வரும். கால்குலஸும் ஃபிசிக்ஸும் அநேகமாக எங்கும் இருக்கும். ஓட்டை விழுவது ஸ்டேடிக்ஸ், சர்க்யூட்ஸ், புரோகிராமிங் வரிகளில்தான். ஈடு இல்லாத வரிகளை எண்ணிப் பாருங்கள்.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. சிறிய காலேஜ்களில் சர்க்யூட்ஸ் வருடத்துக்கு ஒரே தடவை நடக்கும். ஆள் சேராவிட்டால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணைகளைத் தேடி, அந்தப் பாடம் உண்மையில் எப்போதெல்லாம் நடந்தது என்று பாருங்கள். காலேஜின் படிப்பு ஆலோசகர் சொல்வதைவிட இது நம்பகமானது.

ஏன் இவ்வளவு கவலை? பாடங்கள் சங்கிலி. மெக்கானிக்ஸுக்கு முதல் கால்குலஸ் வேண்டும், ஸ்டேடிக்ஸுக்கு மெக்கானிக்ஸ் வேண்டும், சர்க்யூட்ஸுக்கு மின்காந்தவியல் வேண்டும். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸில் உட்கார்ந்தால் நான்கு செமஸ்டரில் மட்டுமட்டாக முடியும். பிரீகால்குலஸில் தொடங்கினால் கோடை விடுமுறையை இழக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வருடம்.

மெக்கானிக்ஸ், மின்காந்தவியல் அடங்கிய ஃபிசிக்ஸ் தொடரை ஒரே காலேஜில் முடியுங்கள். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற காலேஜ்களில் குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். செமஸ்டர் காலேஜோடு கலந்தால் பாடப்பகுதிகள் வேறு வேறு இடத்தில் வெட்டுப்பட்டு, தொடர் முழுமையாக ஏற்கப்படாமல் போகலாம்.

மேஜருக்கு வெளியே எல்லோரும் படிக்கும் பொதுப்பாடத் தொகுப்பை முழுக்க முடிக்கச் சொல்வார்கள். ஆனால் யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இன்ஜினியரிங்குக்கு மேஜர் பாடங்கள்தான் முதலில். இரண்டு ஆங்கில எழுத்துப் பாடங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உத்தரவாதச் சேர்க்கையான 'டேக்' ஆறு யூசி வளாகங்களில் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பிக்கலாம். அதன்பின் பொது விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும்; மறந்தால் உத்தரவாதம் போச்சு. உங்கள் மேஜர் அதில் அடங்குமா என்று அந்தந்த வளாகத்தின் பட்டியலில் பாருங்கள்.

ஈட்டுப் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். பாடம் எடுத்த ஆண்டின் பக்கத்தைப் பிடிஎஃப்பாக இறக்கி, அந்தப் பாடத்தின் சிலபஸோடு சேர்த்து வையுங்கள்.