ஒற்றை கிழிக்காத கொப்பி

எங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த சேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. திருத்துவதற்குக் கொப்பியை எடுத்ததும் முதலில் அதை நடுவில் விரிப்பார். கம்பி குத்திய இடத்தை விரலால் தடவுவார். ஒரு ஒற்றையைக் கிழித்திருந்தால் அதன் மறுபாதி பிடிமானம் இல்லாமல் ஆடும். "எங்கை மற்றப் பாதி?" என்று கேட்பார். கணக்குப் பிழைத்ததற்கு அவர் எவரையும் அடித்து நான் காணவில்லை. ஒற்றை கிழித்ததற்கு அடித்திருக்கிறார், என்னையும்தான். பிழையான வரியை அடிமட்டம் வைத்து ஒரே கோட்டால் வெட்ட வேண்டும். வெட்டியதை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சரியானதை அதற்குக் கீழே எழுத வேண்டும். "நீர் எந்த இடத்திலை பிழைச்சனீர் எண்டு எனக்கும் தெரியவேணும், உமக்கும் தெரியவேணும்" என்பார்.

பதினேழு வருடங்கள் கழித்து, 1996 இல், இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பொலிஸ் பயிற்சிக் கூடத்தில் இருந்தேன். எல்லோருக்கும் ஒரு சின்னக் கறுப்புப் புத்தகம் தந்தார்கள். பொக்கற் புக் என்பார்கள். பக்கங்களுக்கு இலக்கம் அச்சடித்திருந்தது. அழிக்கக்கூடாது, ஒற்றை கிழிக்கக்கூடாது, இடைவெளி விடக்கூடாது, எழுதியதன் மேல் எழுதக்கூடாது, வரிக்கு நடுவில் செருகக்கூடாது. பிழைத்தால் ஒரே கோட்டால் வெட்டிப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அது புதிதாக இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் யாழ்ப்பாணத்து வகுப்பறை ஒன்றில் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவினர் எழுதச் சொன்னபோது மைதானத்தையும் கன்ரீனையும் பற்றி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் போன வருட ஒன்றுகூடலில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் மகள் என்னிடம் வந்து, "அங்கிள், பொலிசிலை நேர்மையா இருந்து பென்சன் வரைக்கும் போகலாமோ?" என்று கேட்டாள். அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். மண்டபத்துச் சத்தத்துக்குள் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். அவளுக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பொலிசில் சேர்ந்த செய்தியைக் கேட்டு அம்மா ரெலிபோனில் அழுதா. "எங்கடை சனத்தைப் படுத்தின பாடு காணாதே?" என்றா. அம்மாவுக்குப் பொலிஸ் என்றால் 1981. அந்த வருடம் மே 31 இரவு பொலிஸாரும் அவர்களோடு வந்தவர்களும் நகரத்தில் நெருப்பு வைத்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. சில நாட்களின் பின் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோய்க் காட்டினார். கருகிய ஒற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கால் பட்டதும் பொடிந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பதினாலு வயது.

பொலிசில் சேர்ந்த பிறகுதான் அந்த இரவைப் பற்றி வேறொரு கேள்வி வந்தது. அத்தனை சீருடைகளுக்குள் இது வேண்டாம் என்று நினைத்த ஒரு சிலராவது இருந்திருப்பார்கள். விடிந்த பின் அவர்கள் தங்கள் புத்தகத்தில் என்ன எழுதினார்கள்?

1998 இல், குளிர்காலத்து இரவொன்றில், என் முறை வந்தது. நகர மத்தியில் ஒரு சண்டை. பதினெட்டு வயதிருக்கும், ஒரு பெடியனைப் பிடித்து முதுகுப் பக்கமாக விலங்கு பூட்டினோம். வானுக்குள் ஏற்றிய பிறகு அவன் ஏதோ தூஷணம் சொன்னான். என்னைவிடப் பத்து வருடம் மூத்த சக பொலிஸ்காரர் குனிந்து உள்ளே போய் அவன் முகத்தில் இரண்டு தரம் குத்தினார். இரண்டாவது குத்தில் அவன் தலை இரும்புச் சட்டத்தில் மோதிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். நெற்றி வெடித்தது.

நிலையத்தில் நாலு பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து எழுதினோம். அந்தக் காலத்தில் கலந்து பேசி எழுதலாம். கலந்து பேசியதாக ஒரு வரி குறிக்க வேண்டும், அவ்வளவுதான். யாரோ வாங்கி வந்த சிப்ஸின் வினாகிரி மணம் அறை முழுக்க இருந்தது. "வானில் ஏறும்போது தலை கதவில் அடிபட்டது, சரிதானே?" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். மற்ற இருவரும் எழுதத் தொடங்கினார்கள். நானும் எழுதத் தொடங்கினேன். 'வானில் ஏறும்போது தலை' என்பது வரை எழுதிவிட்டேன்.

அங்கே பேனை நின்றுவிட்டது. நான் துணிச்சல்காரன் இல்லை. கை நடுங்கியது. வீட்டுக் கடன், மூன்று மாதக் குழந்தை, இந்தத் தோல் நிறத்தோடு அந்த நிலையத்தில் நான் ஒருவன்தான் என்பது எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பிறகு அந்த வரியை ஒரே கோட்டால் வெட்டினேன். கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே கண்டதை எழுதினேன். எழுதி முடித்துப் புத்தகத்தைக் கொண்டுபோய் சார்ஜன்றிடம் கொடுத்தேன்.

ஒழுங்கு விசாரணைக்கு நாள் குறிக்க ஒரு வருடம் எடுத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வெட்டிய வரியைப் பிடித்துக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். நான் எழுதத் தொடங்கிய பொய் என்றேன். அறை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. மற்ற இருவரும் தாங்கள் எதையும் காணவில்லை என்றே கடைசிவரை சொன்னார்கள். குத்தியவர் தண்டப்பணம் கட்டிவிட்டு அதே நிலையத்துக்குத் திரும்பினார். இடமாற்றம் எனக்குத்தான் வந்தது: கைப்பற்றிய பொருட்கள் வைக்கும் களஞ்சியத்துக்கு.

இடையில் இருந்த மாதங்களைப் பற்றி அந்தப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். யாரும் என்னை ஏசவில்லை. தேநீருக்குக் காசு சேர்க்கும் பட்டியலில் என் பெயர் வெட்டப்பட்டிருந்தது. நான் உள்ளே வந்தால் கதை நிற்கும். ஒருநாள் இரவு குடிபோதையில் இருந்த இருவரோடு தனியே மல்லுக்கட்டிக்கொண்டு வானொலியில் உதவி கேட்டேன். மூன்று நிமிடத் தூரத்தில் இருந்த வண்டி பதினொரு நிமிடத்தில் வந்தது. பயம் என்றால் என்னவென்று அந்த எட்டு நிமிடத்தில்தான் அறிந்தேன்.

ஓய்வுக்குக் கிட்டிய ஒரு கிழட்டு சார்ஜன்ற், எங்கள் பகுதிக்காரர்கூட இல்லை, களஞ்சியத்துக்கு வந்து என்னோடு தேநீர் குடித்தார். சுகவீன லீவில் போகாதே, போனால் உன் கதையை அவர்கள் எழுதுவார்கள் என்றார். உன் மேலதிக நேரப் படிவங்களையும் வண்டி ஓடிய மைல் கணக்கையும் ஒரு பென்ஸ் பிசகாமல் வை என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த ஆறு மாதத்தில் என் படிவங்களை இரண்டு முறை தணிக்கை செய்தார்கள். பெரிய தவறைச் சொன்னவனைச் சின்னத் தவறில்தான் பிடிப்பார்கள். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் பொலிஸ் சம்மேளனப் பிரதிநிதி இல்லாமல் நான் போகவில்லை. அன்றன்று நடந்ததைத் தேதியோடு வீட்டிலும் ஒரு கொப்பியில் எழுதினேன்.

மனைவி சனிக்கிழமைகளில் சுப்பர்மார்க்கெற்றுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினா. "கடன் நான் பாக்கிறன். பொய்யை எழுதிப்போட்டு மட்டும் வீட்டை வராதேங்கோ" என்றா. இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொய்க்குக் கையெழுத்து வைத்தவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. மாத முடிவில் கடன் கட்ட வேண்டியவர்கள். நேர்மைக்குப் பின்னால் யாரோ ஒருவர் சனிக்கிழமை வேலை செய்கிறார்.

2012 செப்டெம்பரில் ஹில்ஸ்பரோ பற்றிய சுயாதீனக் குழுவின் அறிக்கை வந்தபோது இரவிரவாக வாசித்தேன். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் உதைபந்தாட்ட அரையிறுதி; நெரிசலில் சிக்கி இறந்த லிவர்பூல் ரசிகர்கள் இன்றைய கணக்கில் 97 பேர். நான் வேலை செய்த படை அதுவல்ல. என்னை உலுப்பியது ஒரு சின்ன விஷயம். அன்று மைதானத்தில் நின்ற பொலிஸாருக்கு, பொக்கற் புக்கில் எழுத வேண்டாம், வெறும் தாளில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இலக்கம் போட்ட பக்கத்திலிருந்து ஒற்றையை எடுத்தால் தெரிந்துவிடும். வெறும் தாளை மாற்றி எழுதலாம். மாற்றினார்கள். 164 வாக்குமூலங்கள் குறிப்பிடத்தக்க அளவு திருத்தப்பட்டன. அவற்றில் 116 இல் பொலிஸுக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. அந்தப் பொலிஸாரில் பலர் இளம் பெடியள். விளம்பரப் பலகைகளை ஸ்ரெச்சராக்கி ஆட்களைத் தூக்கி ஓடியவர்கள் அவர்களுக்குள்ளும் இருந்தார்கள். கட்டளையிட ஆளில்லாமல் தவித்ததை எழுதினார்கள். அது வெட்டப்பட்டு வந்தது. கையெழுத்து வைத்தார்கள்.

ரசிகர்கள் மேல் பிழை இல்லை, அது சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை ஜூரிகள் சொல்ல 2016 ஆயிற்று. வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கோ 2021 இல் சரிந்தது. அவை போனது நீதிமன்றத்துக்கு அல்ல, ஒரு நிர்வாக விசாரணைக்கு. ஆகவே நீதியின் போக்கைத் திரித்த குற்றமாகாது என்று நீதிபதி தீர்த்தார். சட்டம் அவர்களை விட்டுவிட்டது. பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

2007 இல், மூன்றாவது தடவை முயன்று சார்ஜன்ற் ஆனேன். காவற்கூடத்துக்குப் பொறுப்பு. அந்த வேலைதான் என்னைக் காப்பாற்றியது. 1972 இல் லண்டனில் மக்ஸ்வெல் கொன்ஃபெயிற் என்பவர் கொலையுண்ட வழக்கில் மூன்று பெடியளிடம் பொய் ஒப்புதல் வாக்குமூலம் எடுத்திருந்தார்கள். ஒருவனுக்குப் பதினாலு வயது. 1975 இல் விடுதலையானார்கள். அந்த அநியாயத்தின் பின்விளைவாக, ஒரு அரச ஆணைக்குழுவும் இருந்து, 1984 இல் ஒரு சட்டம் வந்தது. கைதியைப் பிடித்தவரும் விசாரிப்பவரும் ஒரு பக்கம், அவனைத் தடுத்துவைப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் சார்ஜன்ற் இன்னொரு பக்கம். மேலதிகாரி ஒருவர் அந்த சார்ஜன்றின் முடிவுக்கு மாறாகக் கட்டளையிட்டால் சார்ஜன்ற் பணியத் தேவையில்லை. உடனே சுப்பிரின்டென்டன்ற் தரத்தவரிடம் விஷயத்தைக் கொண்டுபோக வேண்டும். சின்னவன் பெரியவரிடம் மாட்டேன் என்று சொல்வதற்குச் சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு துப்பறியும் இன்ஸ்பெக்டர், ஆதாரம் இல்லாத ஒருவனை விடியும் வரை வைத்திரு என்று மேசையில் தட்டினார். அந்தச் சட்டப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லிவிட்டு, நித்திரையில் இருந்த சுப்பிரின்டென்டன்றை எழுப்பினேன். அவர் கொட்டாவியோடு கேட்டுவிட்டு, சார்ஜன்ற் சொல்வதுதான் சரி என்றார். எடுத்த நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் கைதியின் பதிவில் எழுதினேன். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கை நடுங்கவில்லை.

ஆகவே மகளே, போகலாம். நான் 2023 இல் பென்சனோடு வந்தேன். ஆனால் சார்ஜன்றுக்கு மேலே போகவில்லை, என்னோடு சேர்ந்தவர்களில் இருவர் சுப்பிரின்டென்டன்ற். 2008 முதல் இங்கே ஒழுக்க விதிகளில், சக ஊழியரின் தவறைக் கண்டால் அறிவிப்பது கடமை என்று எழுதியிருக்கிறது. தேநீர்ப் பட்டியலை விதி மாற்றாது. நீ சேரும் நிலையத்தில் முதல் வாரத்திலேயே ஒரு கிழட்டு சார்ஜன்றைத் தேடிப் பிடி. கடனைச் சிறிதாக வை.

2012 டிசெம்பரில் ஊருக்குப் போனபோது சேரைப் பார்க்கப் போனேன். கண் இரண்டும் மங்கிவிட்டது. குரலை வைத்துப் பிடிக்க முடியாமல் பெயரையும் ஆண்டையும் கேட்டார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே வானையும் வெட்டிய வரியையும் விசாரணையையும் களஞ்சியத்தையும் சொன்னேன். அவருக்குச் சொல்லத்தான் இத்தனை காலம் வைத்திருந்தேன் போல. குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?" என்றார்.

பதினாலு வருடமாக என் கதையைக் கேட்ட ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

"வழக்குப் போடாமல் விட்டவை, சேர். நெற்றியிலை ஏழு தையல்."

"பிறகு கண்டனீரோ?"

"ஒருக்கா. சந்தையிலை. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிண்டவன். என்னை மட்டுக்கட்டேல்லை."

"நீர் போய்க் கதைச்சனீரோ?"

இல்லை என்றேன். சேர் கோப்பையைத் தடவி மேசையில் வைத்தார். "பேர் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். சொன்னேன். அந்த ஆங்கிலப் பெயரை அவர் ஒருமுறை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.