தாயுமானவர் சன்னதியில்

அம்மா போனபோது எனக்கு 22 வயது. அந்த வயதில் அழக்கூட ஒரு கூச்சம் இருக்கிறது. சின்னக் குழந்தையாக இருந்தால் யாராவது மடியில் போட்டுக்கொள்வார்கள். என்னிடம் வந்தவர்களோ, "இனிமே அப்பாவை நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, பார்த்துக்கொண்டேன்.

திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்விட்டு வரலாம் என்று சொன்னது சித்திதான். அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். உச்சிப் பிள்ளையாரையே நினைத்து ஏறுகிறவர்கள் பலர், நடுவில் இருக்கும் தாயுமானவரை அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வருத்தம். சாவகாசமாக நிற்க வேண்டிய சன்னதி அது.

தலபுராணம் பலருக்கும் தெரிந்ததுதான். ரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். துணைக்குப் புறப்பட்ட அவள் தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேர்ந்ததும் அந்த உருவம் மறைந்து, சிவனாகவே காட்சி கொடுத்தார். சுகப்பிரசவம் வேண்டி இங்கே இன்றும் வாழைத்தார் வைத்து வழிபடுகிறார்கள்.

எனக்கும் அம்மாவாக வந்து இரு என்று கேட்கத்தான் போயிருந்தேன். மேற்கு பார்த்த அந்தச் சன்னதியில், தீபாராதனை வெளிச்சத்தில் பெரிய லிங்கத் திருமேனியைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. அக்கரையில் நின்ற தாயின் நினைப்புதான் வந்தது. கதையில் அவளுக்கு ஓரிரண்டு வரிதான். பெருகி ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மகள் என்ன ஆனாளோ என்று எப்படித் துடித்திருப்பாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவும் அப்படித்தானே கிடந்திருப்பாள்? அம்மா இல்லாத எனக்காக எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். அன்றுதான் அம்மாவுக்காக அழுதேன். அவள் தவிப்பு தீர்ந்திருக்க வேண்டும், அப்பனே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். மக்களைப் பெற்றவர்களின் அந்தத் தவிப்பு ஈசனுக்குத் தெரியும் என்று மனதார நம்புகிறேன்; இல்லாவிட்டால் அவர் ஏன் அந்த உருவத்தில் வர வேண்டும்?

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது, அதுவரை கேட்கவே துணியாததைச் சித்தியிடம் கேட்டேன்: கடைசி ராத்திரி அம்மா ஏதாவது பேசினார்களா?

"உன் வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சான்னு கேட்டாங்க. வந்துடுச்சுக்கான்னு சொல்லிட்டேன். அப்ப வரலைதான். ஆனா அக்கா நம்பினாங்க. அப்புறம்தான் நல்லாத் தூங்கினாங்க."

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையார் சன்னதி வரைக்கும் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு ஏறினோம்.