திங்கள் காலை கற்றையை ஒப்படைக்க வேண்டும்

2019 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வந்தேன். ஊரில் வெயில் தணியாத மாதம். இங்கே குளிர்மழை, வடமேற்குக் காற்று. நான் வேலைக்குச் சேர்ந்த அணுக்கரு ஆய்வுக்கூடமான ஐதெம்பா லேப்ஸ் கேப் டவுனுக்கு வெளியே, சோமர்செட் வெஸ்ட் பக்கம் இருக்கிறது. ஐதெம்பா என்றால் சுலு, கோசா மொழிகளில் நம்பிக்கை.

சைக்ளோட்ரான் என்பது அணுத்துகள்களை வட்டமாக ஓடவிட்டு வேகமேற்றும் இயந்திரம். அங்குள்ள பெரிய சைக்ளோட்ரானுக்கு நான்கு ராட்சதக் காந்தங்கள். சின்ன சைக்ளோட்ரான் ஒன்று புரோட்டான்களுக்கு முதல் வேகம் கொடுத்து அனுப்ப, பெரியது அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு 200 எம்இவி வரை ஏற்றும் (எம்இவி துகளின் ஆற்றலை அளக்கும் அலகு). சுற்றுக்குச் சுற்று பாதை விரியும். வெளியே எடுக்கும் இடத்தில் இந்தப் புரோட்டான் கற்றை சற்று விலகினாலும் உலோகத்தில் மோதி வீணாகும், அந்த உலோகமும் கதிரியக்கம் ஏறிக் கிடக்கும். அதனால் காந்தத்தின் மின்னோட்டத்தை மயிரிழை ஏற்றுவோம், காத்திருப்போம், மயிரிழை இறக்குவோம். இந்தப் பொறுமையை எனக்குக் கற்றுத்தந்தவர் கட்டுப்பாட்டு அறையில் இருபது வருடம் இரவுப் பணி பார்த்த ஓர் ஆபரேட்டர். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்போது வாரநாட்களில் கற்றை மருத்துவ ஐசோடோப்புகளுக்கு, அதாவது நோயாளிகளுக்குத் தரும் கதிரியக்க மருந்துப் பொருட்களைச் செய்வதற்கு. அணுக்கரு ஆய்வுக்கு வாரக்கடைசி. இன்னும் ஆறு மணி நேரம் கிடைத்தால் என் அளவீடு முடிந்துவிடும், ஆனால் திங்கள் காலை ஒப்படைத்தாக வேண்டும். முதல் சில மாதங்கள் மனதுக்குள் பொருமினேன்.

கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதிக் கோயிலில் ஒரு வயதான ஆயாவைப் பார்த்தேன். டர்பனில் பிறந்தவர். 1860-இலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடினார், ராகம் பிசகவில்லை. பேச்சு ஆங்கிலம்தான், நடுவில் 'தம்பி' மட்டும் தமிழ். என் வேலையைக் கேட்டார், சொன்னேன். தனக்குத் தைராய்டு ஸ்கேன் எடுத்தபோது, இந்த மருந்தை வாங்கி வைக்க முடியாது, சொன்ன நாளில் வந்துவிடுங்கள் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னதாகச் சொன்னார். அந்த மருந்து எங்கள் கற்றையால் செய்த கதிரியக்க அயோடின்-123 ஆக இருக்கலாம். அது 13 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துவிடும். நாங்கள் தாமதித்தால் யாரோ ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். அதற்குப் பிறகு திங்கள் காலைகளில் நான் பொருமியதில்லை.

கற்றை நிலைப்படக் காத்திருக்கும் இரவுகளில், ஆயாவின் பதிகங்களைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்கிறேன். அரிச்சுவடியும் சேர்த்து. போன வாரம் 'ழ' வரை வந்திருந்தார்.