தலைக்கு மேலே ஒரு படகு

இன்று கடலில் தலையை முக்கியதும் தூக்கிவாரிப் போட்டது. உச்சந்தலைக்கு மேலேயே மோட்டார் படகு ஓடுவதுபோல் டகடக சத்தம்.

பதறி எழுந்து பார்த்தால், தொடுவானத்தில் ஒரு புள்ளி. அதுதான் படகு!

காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடுவதால் திசை பிடிபடாது.

ஆனால் நேராகவும் போகாது. நீர் சூடானால் வேகம் கூடும், ஆழத்தின் அழுத்தத்தில் கூடும். ஒலியோ வேகம் குறைந்த பக்கமே வளையும். வெயிலில் மேல்நீர் சூடானால் சத்தம் கீழே சரிந்துவிடும். ஒரு காலத்தில் கப்பல்களில், ஒலியை அனுப்பி நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவி காலையில் நன்றாக வேலை செய்துவிட்டு மதியத்துக்கு மேல் மக்கர் செய்ததும் அதனால்தான். (பாவம், கருவியைத்தான் திட்டியிருப்பார்கள்.)

பல கடல்களில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. அதில் சிக்கிய ஒலி மேலேயும் தப்பாது, கீழேயும் தப்பாது. 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடித்த சத்தம், நான்கு மணி நேரத்துக்குள் அட்லாண்டிக் கடலின் பெர்முடா தீவில் கேட்டது. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்!

மறுபடி தலையை முக்கினேன். புள்ளி மறைந்திருந்தது. டகடக மட்டும் அப்படியே.