இரண்டு எழுத்துக்கு ஒரே விரல்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது கீபோர்டு அமைப்பு, அதாவது எந்தச் சாவியில் எந்த எழுத்து என்பது. தமிழுக்கு மட்டும் என்றால் தமிழ்99தான் சுலபம். ஆனால் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை கேட்கப் போகும் இடங்கள் அக்‌ஷயா மையம் (கேரளத்து இ-சேவை மையம்), டிடிபி கடை, கஞ்சிக்கோட்டுக் கம்பெனி ஸ்டோர், அந்தப் பக்கம் பொள்ளாச்சி மண்டி. மலையாளமும் தட்டத் தெரிந்தால்தான் எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை கேட்கலாம். அதனால் இங்கே, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்புதான் சரி. இரு மொழியிலும் க ‘கே’ சாவியில், ப ‘எச்’சில், த ‘எல்’லில்.

மலையாளத்து ‘அம்ம’வுக்கு ஷிஃப்ட்டோடு டி, பிறகு சி, டி, சி. தமிழ் ‘அம்மா’வுக்கும் அதே நாலு தட்டு, கடைசியில் துணைக்காலுக்கு ஒரு ‘ஈ’ (E) சாவி கூடும், அவ்வளவுதான். இதைத் தட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். மொழி மாற்ற விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ். பள்ளிக்கூடத்து உபுண்டுவிலும் அதேதான்.

இடறுவது கொம்பில். ‘கெ’ எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பழகிய கை, இங்கேயும் அதையே முதலில் தட்டும். திரையில் புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாக நிற்கும். க முதலில், கொம்பு பிறகு. கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

பவர்பாயிண்டில் பூப்போடுவதற்கு வாரக்கணக்கில் செலவிடும் பாடத்திட்டங்கள், எக்செல்லில் எண் தட்டுவதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகின்றன. வேலையில் மாட்டிவிடுவது எண்தான். 12 இலக்க ஆதார் எண்ணைச் சும்மா தட்டினால் நடுவில் ஓர் ஆங்கில ‘ஈ’ (E) போட்டுச் சுருக்கிக் காட்டும். அது பரவாயில்லை, கண்ணில் படும். எண் உள்ளே முழுதாகத்தான் இருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணில்தான் ஆபத்து: எக்செல் 15 இலக்கம்தான் தாங்கும், கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போச்சு. கட்டங்களை டெக்ஸ்ட்டாக மாற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும். பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. சம்பளப் பட்டியலில் இப்படி ஒன்று தப்பினால் பணம் போய்ச் சேராது, திட்டு தட்டியவருக்கு.

விண்ணப்பப் படமும் இப்படித்தான். கேரள பிஎஸ்சிக்கு (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அகலம் 150, உயரம் 200 பிக்சல், 30 கேபிக்குள். ஃபோனில் எடுத்ததை நேரே அந்த அளவுக்கு அமுக்கினால் முகம் சப்பையாகிவிடும். முதலில் 3க்கு 4 என்று வெட்டி, அப்புறம் சுருக்க வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்றால், மௌஸைப் பிடித்தவர் விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வேடிக்கை பார்த்தே வகுப்பு முடியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றியே ஆக வேண்டும். தட்டாதவருக்கும் வேலை உண்டு: தாளிலிருக்கும் எண்ணை நாலு நாலு இலக்கமாக உரக்கப் படிக்க வேண்டும், தட்டியவர் திரையில் ஒத்துப்பார்க்க வேண்டும். இதற்குக் கற்பனை எண்களே போதும். வீட்டிலிருந்து யாருடைய ஆதாரையும் கொண்டுவரச் சொல்லக் கூடாது.